தம்பியின் எக்கோவில் வலது மேலறைக்குள் சவ்வு: இது ஆபரேஷன் வரை போகுமா?

அல்லி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 26 வயது. புது வேலைக்குச் சேர மெடிக்கல் செக்கப் கேட்டிருந்தார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், "லேசாக ஒரு மர்மர் (இதயத்தில் கூடுதல் சத்தம்) கேட்கிறது, எதற்கும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடலாம்" என்றார். எக்கோ எடுத்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இன்னொருவரைக் கூப்பிட்டார்கள், அப்புறம் இன்னும் ஒருவர். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தமிழில் சொல்கிறேன்: "வலது ஏட்ரியத்துக்குள் (மேலறைக்குள்) குறுக்காக ஒரு மெல்லிய சவ்வு. முழுமையற்ற கார் ட்ரையேட்ரியேட்டம் டெக்ஸ்டரா (சவ்வு வலது மேலறையை இரண்டாகப் பிரிப்பது), அல்லது பெரிதாக நின்றுவிட்ட யூஸ்டேக்கியன் வால்வா என்று உறுதிசெய்ய டிஇஇ (உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ) தேவை. வலது வென்ட்ரிக்கிள் (கீழறை) அளவும் இயக்கமும் இயல்பு. மேலறைகளுக்கு இடையிலான சுவர் தெளிவாகத் தெரியவில்லை."

அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. காலையில் ஓடுவான், மாலையில் பாட்மிண்டன். காலில் வீக்கம் இல்லை, மயக்கம் வந்ததில்லை. நான் இரவெல்லாம் நெட்டில் தேடிப் படித்தேன். மூச்சு முட்டும், நுரையீரலில் நீர் கோக்கும், குழந்தையிலேயே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றெல்லாம் இருக்கிறது. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார். இவனோ, "இத்தனை வருஷம் ஓடினேனே, இன்னுமா அது என்னைக் கொல்லாமல் விட்டுவைத்தது?" என்று சிரிக்கிறான்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஓடிவிட்டு வந்தால் சில நாள் இவன் உதடும் நகமும் கொஞ்சம் நீலமாக இருக்கும். குளிர்தான் காரணம் என்பான். டாக்டரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

இது உண்மையில் எவ்வளவு ஆபத்து? எல்லாருக்கும் ஆபரேஷன்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றாடி எழுதியது:

அல்லி, பதறாதீர்கள். என் அத்தை பேரனுக்கும் இதே பெயரில்தான் வந்தது. ஆறு மாதக் குழந்தை, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், எடை ஏறவே இல்லை. உடனே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதனால் தள்ளிப்போடாமல் சீக்கிரம் செய்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

எக்கோமேசை எழுதியது:

நான் டாக்டர் இல்லை. எக்கோ எடுக்கும் டெக்னீஷியன். இந்த வேலைக்கு வந்து தலை நரைத்துவிட்டது. வலப்பக்கச் சவ்வு என்று உறுதியானதை நான் நேரில் பார்த்தது மிகக் குறைவு. உங்கள் தம்பிக்கு மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்ததற்கும் அதுதான் காரணம். எங்கள் அறையில் அரிதான படம் ஒன்று திரையில் வந்துவிட்டால் காப்பிக்குப் போனவரைக்கூடக் கூப்பிட்டுவிடுவோம். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று நாங்கள் நினைப்பதே இல்லை.

முதலில் காற்றாடிக்கு. நீங்கள் சொல்லும் குழந்தைக்கு இருந்தது பெரும்பாலும் இடது மேலறையில் இருந்திருக்கும். பெயரில் கடைசி வார்த்தை மட்டும்தான் மாறும்: சினிஸ்டர் என்றால் இடம், டெக்ஸ்டர் என்றால் வலம். ஆனால் கதை வேறு. இடது மேலறைக்கு வருவது நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தம். அங்கே சவ்வு தடுத்தால் ரத்தம் பின்னால் நுரையீரலில்தான் தேங்கும், அதனால் மூச்சுத் திணறல். வலது மேலறைக்கு வருவது உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம். அங்கே பெரிதாகத் தடுத்தால் கழுத்துச் சிரை புடைக்கும், ஈரல் வீங்கும், காலில் நீர் இறங்கும். அல்லி இரவெல்லாம் படித்தது பாதிக்கு மேல் இடப்பக்கத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன். பிறவி இதயக் குறைகளில் இடப்பக்க வகையே சுமார் 0.1 சதவீதம்தான். வலப்பக்கம் அதையும்விடக் குறைவு. அதனால் எதைத் தேடினாலும் இடப்பக்கம்தான் முதலில் வந்து விழும்.

இந்தச் சவ்வு புதிதாக முளைத்ததில்லை. கருவில் நம் எல்லாருக்கும் இது இருந்தது. கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. தாயிடமிருந்து வரும் நல்ல ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்குள் நுழைகிறது. அதை நேராக நடுச்சுவரில் இருக்கும் துளை பக்கம் திருப்பி இடது மேலறைக்கு அனுப்ப ஒரு தடுப்பு வேண்டும். சைனஸ் வினோசஸ் என்ற பகுதியின் வலது வால்வுதான் அந்தத் தடுப்பு. கர்ப்பத்தின் 9 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள் அது பெரும்பாலும் சுருங்கிவிடும். மிச்சம் நிற்பவை கீழ்ப்பெருஞ்சிரை வாயில் இருக்கும் சிறு மடிப்பான யூஸ்டேக்கியன் வால்வும், இதயத் தசையின் சொந்த ரத்தம் திரும்பும் கொரோனரி சைனஸ் வாயில் இருக்கும் தெபீசியன் வால்வும்தான். சிலருக்குச் சுருங்குவது பாதியில் நின்று, வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். 1897-ல் ஹான்ஸ் கியாரி விவரித்ததால் அதைக் கியாரி வலை என்கிறோம். நூறு பேரில் இரண்டு பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதுவுமே சுருங்காமல் முழுசாக நின்றுவிட்டால்தான் மேலறை இரண்டாகப் பிரியும்.

ஆக, கொஞ்சம் பெரிய மடிப்பு என்பதிலிருந்து முழுத் தடுப்புச் சுவர் வரை எங்கு வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். "சவ்வு இருக்கிறது" என்பதை மட்டும் வைத்து ஆபரேஷனா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. சவ்வில் எவ்வளவு பெரிய திறப்பு, அதன் இருபுறமும் எவ்வளவு அழுத்த வித்தியாசம், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மூவிதழ் வால்வை அடைக்கிறதா, வலது கீழறையும் நுரையீரல் வால்வும் ஒழுங்காக வளர்ந்திருக்கின்றனவா, நடுச்சுவரில் துளை இருக்கிறதா: கேட்க வேண்டியவை இவைதான். தடையும் இல்லை, துளையும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது எக்கோ பார்ப்பதோடு சரி. வேறு எதற்கோ நெஞ்சைத் திறந்தபோதுதான் இது இருப்பதே தெரியவந்தவர்களும் உண்டு.

உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் வலது கீழறை இயல்பு என்று இருப்பது நல்ல செய்தி. என்னை நிறுத்திப் படிக்க வைத்தது கடைசி வரி, "சுவர் தெளிவாகத் தெரியவில்லை" என்பது. அதோடு அந்த நீல உதடு. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். சவ்வு முழுமையாக நிற்கும்போது, பெருஞ்சிரைகள் திறக்கும் பக்கம் ஒரு அறை, மூவிதழ் வால்வு இருக்கும் பக்கம் இன்னொரு அறை. நடுச்சுவர்த் துளை பெரும்பாலும் முதல் அறையின் பக்கம்தான் வாய் திறந்திருக்கும். ஓய்வில் இருக்கும்போது சவ்வின் திறப்பு வழியாக ரத்தம் எளிதாகப் போய்விடும். ஓடும்போது கால்களிலிருந்து வரும் ரத்தம் பெருகும், முதல் அறையில் அழுத்தம் ஏறும், வழி தேடும் ரத்தம் துளை வழியாக இடது பக்கம் சாயும். ஆக்ஸிஜன் ஏறாத ரத்தம் நேராக உடம்புக்குப் போய்விடும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்திருந்தால், ஓய்வில் ஒன்று, ஓடி முடித்தவுடன் ஒன்று பார்த்து எழுதிவையுங்கள். கை சில்லென்று இருந்தால் அந்தக் கருவி பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் நின்று, எண் நிலையாக நின்ற பிறகு குறியுங்கள். இதற்கென்று வழக்கத்தைவிட வேகமாக ஓட வேண்டாம். கார்டியாலஜிஸ்டிடம் நீல உதட்டைக் கட்டாயம் சொல்லுங்கள்.

டிஇஇ எடுக்கும்போது குமிழி எக்கோவும் சேர்த்துச் செய்வார்களா என்று கேளுங்கள். இரண்டு சிரிஞ்சுகளை மூன்று வழிக் குழாயில் மாட்டி, 9 மில்லி சலைனோடு 1 மில்லி காற்றைச் சேர்த்து, அங்கும் இங்கும் வேகமாகத் தள்ளுவோம். சலைன் பால் மாதிரி வெளுத்துவிடும். உடனே சிரைக்குள் ஏற்றினால் வலப்பக்கம் முழுக்கத் திரையில் வெள்ளைப் புள்ளிகள். இதயம் மூன்று துடிப்புத் துடிப்பதற்குள் இடப்பக்கத்திலும் புள்ளிகள் தெரிந்தால் சுவரில் துளை இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு சூட்சுமம். வழக்கமாகக் கையில்தான் ஏற்றுவோம். கையிலிருந்து வருவது மேற்பெருஞ்சிரை வழி. இந்த மாதிரிச் சவ்வு இருப்பவர்களுக்குத் துளைப் பக்கம் போவதோ கீழ்ப்பெருஞ்சிரை ரத்தம். அதனால் கையில் ஏற்றி "துளை இல்லை" என்று வந்தால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. காலிலிருந்து ஏற்றிப் பார்த்தால் வேறு விடை வரலாம். டாக்டருக்கு இது தெரியும். ஆனாலும் "கால் வழியாகப் பார்ப்பீர்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

தூமணி எழுதியது:

என் மகளுக்கு இதே வலப்பக்கம். பிறந்த அன்றே உடம்பு நீலம். நுரையீரல் பிரச்சினை என்று நினைத்து ஆக்ஸிஜன் வைத்தார்கள், நிறம் மாறவே இல்லை. எக்கோ எடுத்தபோது சவ்வு நன்றாக ஊதி, மூவிதழ் வால்வு வழியாகக் கீழறைக்குள் போய்ப் போய் வருகிறது என்றார்கள். விமான நிலையத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டத் துணிப்பை கட்டியிருப்பார்களே, திரையில் அப்படித்தான் இருந்தது.

அவளுக்கு வேறு வழி இல்லை, ஆபரேஷன்தான். சவ்வை வெட்டி எடுத்துத் துளையை மூடினார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது வயிற்றுப் பக்கம் இரண்டு மெல்லிய ஒயர்கள் தொங்கின. தற்காலிக பேஸ்மேக்கருக்காம். பார்த்ததும் எனக்குக் கால் நடுங்கியது. தேவைப்படவே இல்லை, சில நாளில் எடுத்துவிட்டார்கள். இப்போது வருஷம் ஒரு தடவை ஈசிஜி, எக்கோ. நெஞ்சில் ஒரு கோடு, அதை வைத்துத் தங்கச்சியிடம் வீரக்கதை சொல்கிறாள்.

அல்லி, உங்கள் தம்பி 26 வயது வரை ஓடியிருக்கிறார் என்பதே பெரிய வித்தியாசம். என் மகள் கதையை வைத்துப் பயப்படாதீர்கள்.

அல்லி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குறிப்பாக எக்கோமேசை அண்ணனுக்கு. (அண்ணன்தானே? அக்காவாக இருந்தால் மன்னிக்கவும்.)

ஆக்ஸிமீட்டரில் பார்த்தோம். உட்கார்ந்திருக்கும்போது 97. ஓடிவிட்டு வந்து, கை சூடாக இருக்கும்போதே வைத்தால் 90, 91. அவனும் முதல் தடவையாகச் சிரிப்பதை நிறுத்தினான். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியேதான். கார்டியாலஜிஸ்டிடம் காட்டினோம். "இதை யார் குறித்துக்கொண்டு வரச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு டிஇஇ-க்கு உடனே நாள் கொடுத்தார். அதுவரை ஓட்டம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

டிஇஇ பற்றி அவன் சொன்னதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள், எச்சில் முழுங்குவதே தெரியாமல் மரத்துப்போனது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுத்து, தூக்கம் வரும்படி ஊசி போட்டார்கள். குழாய் உள்ளே போனபோது ஒரு தடவை குமட்டியதாம், அதற்கு மேல் நினைவில்லை. தொண்டை மறுநாள் வரை கரகரத்தது.

கையில் ஏற்றியபோது இடப்பக்கம் ஒன்றிரண்டு புள்ளிகள்தான். காலில் ஏற்றியபோது இடது மேலறை நிறைந்துவிட்டது என்றார் டாக்டர். சவ்வு பெரியது, நடுவில் ஒரு திறப்பு இருக்கிறது. பக்கத்தில் சின்ன ஏஎஸ்டி (மேலறைகளின் நடுச்சுவரில் துளை). மூவிதழ் வால்வு நன்றாக இருக்கிறது, நுரையீரல் வால்வும் சரி. எம்ஆர்ஐ-யும் எடுத்துவிட்டார்கள். சவ்வையும் எடுத்து, துளையையும் மூட வேண்டும், அவசரம் இல்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது என்கிறார்கள்.

இப்போது எங்கள் மாமா ஒருவர், "துளையைக் குடை மாதிரிக் கருவி வைத்துத் தொடை வழியாகவே அடைத்துவிடலாமே, நெஞ்சைத் திறப்பது எதற்கு?" என்று கேட்டு வீட்டில் கலகம் செய்கிறார். அப்படி முடியாதா?

எக்கோமேசை எழுதியது:

அண்ணன்தான்.

மாமா கேட்டது நியாயமான கேள்வி. சவ்வு இல்லாத சாதாரண ஏஎஸ்டி என்றால் பலருக்கு அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே இரண்டு சிக்கல். தொடையிலிருந்து போகும் கதீட்டர் (மெல்லிய குழாய்) கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வந்து சவ்வில் முட்டலாம். கருவியை விரிக்கும்போது சவ்வு குறுக்கே மாட்டிக்கொள்ளவும் கூடும். அது கூடப் பரவாயில்லை, சமாளிப்பார்கள் என்று வையுங்கள். அதைவிடப் பெரியது இது: ஓடும்போது ஏறுகிற அழுத்தத்துக்கு இப்போது அந்தத் துளைதான் வடிகால். சவ்வை அப்படியே விட்டுவிட்டு வடிகாலை மட்டும் அடைத்தால் நீலம் போகும், தேக்கம் ஆரம்பிக்கும். கழுத்து, ஈரல், கால் என்று நான் முன்னால் சொன்னேனே, அந்தப் பட்டியல். துளையை மூடுவதென்றால் தடையும் போக வேண்டும். பலூனால் சவ்வைக் கிழித்துச் சரிசெய்த சில கேஸ்கள் உலகில் உண்டு. தம்பிக்கு அது பொருந்துமா என்பதை எம்ஆர்ஐ படத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். மாமாவையும் அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போங்கள், அவரே கேட்கட்டும். வீட்டில் கலகம் குறையும்.

ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தி, ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, வலது மேலறையைத் திறந்து சவ்வை வெட்டி எடுப்பார்கள். துளை சின்னது என்றால் நேராகத் தைப்பார்கள், இல்லையென்றால் பெரும்பாலும் அவருடைய பெரிகார்டியத் (இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை) துண்டையே ஒட்டுப் போடுவார்கள். சவ்வின் கீழ்ப்பகுதிக்குப் பக்கத்தில்தான் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஏவி நோட் இருக்கிறது. அதனால் சர்ஜன் அந்த ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார். தூமணி பார்த்த ஒயர்கள் அதற்கான முன்னெச்சரிக்கை. இன்னொரு பழைய ஆபத்தும் உண்டு: பெரிய யூஸ்டேக்கியன் வால்வைத் துளையின் விளிம்பு என்று நினைத்துத் தைத்துவிட்டால் கீழ்ப்பெருஞ்சிரை முழுக்க இடது பக்கம் திரும்பிவிடும். இப்போது சவ்வு இருப்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது, ஆபரேஷன் அறையிலேயே டிஇஇ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சை மூடுவார்கள். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஆபரேஷன் நாள் வரை கவனிக்க வேண்டியது ஒன்று. வலமிருந்து இடம் போகும் துளை இருப்பவருக்குச் சிரையில் போகும் காற்றுக் குமிழியோ சின்ன ரத்தக் கட்டியோ நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடலாம். பரிசோதனைக் குமிழியை ஆள் பக்கத்தில் நின்று அளந்து ஏற்றுகிறார்கள், அது வேறு. டிரிப் ஏற்றும்போது குழாயில் காற்று நிற்கக் கூடாது. இடையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வேறு எங்கே போய் டிரிப் போட்டாலும் "இதயத்தில் துளை இருக்கிறது, காற்று போகாமல் பாருங்கள்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பேப்பரை நீட்டினால் படிக்க மாட்டார்கள். நீண்ட நேரப் பயணம் என்றால் நடுநடுவே எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். ஆழ்கடல் டைவிங் ஆசை ஏதாவது இருந்தால் இப்போதைக்கு மூட்டைகட்டிவிடச் சொல்லுங்கள்.

அல்லி எழுதியது:

டைவிங்கா, அவனுக்கு நீச்சலே தெரியாது. பாட்மிண்டன் எப்போது ஆடலாம் என்பதுதான் அவன் கவலை. ரிப்போர்ட்டைவிட அதைத்தான் அதிகம் கேட்கிறான்.

எக்கோமேசை எழுதியது:

நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம். அதுவரை கனம் தூக்குவது, கையை ஓங்கி வீசுவது எதுவும் கூடாது. ஸ்மாஷ் அடிப்பது கடைசியில்தான் வரும். அதற்குப் பிறகும் எக்கோவும் ஈசிஜியும் பார்த்து, ஓடவிட்டு ஆக்ஸிஜனை அளந்து, சர்ஜன் சரி என்ற பிறகுதான் மட்டை. சிலருக்கு மேலறையில் தைத்த இடத்தைச் சுற்றிப் படபடப்பு வரும், பிந்தியும் வரலாம். வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே ஈசிஜி எடுக்க வேண்டும். வேலையில் சேரும் தேதியை இப்போதே பேசித் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

தூமணி எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு முன் பல்லில் சொத்தை, ஈறில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்குச் சின்னக் குழந்தை, அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவருக்கு ஒரு கடவாய்ப்பல்லால் ஆபரேஷன் தேதியே தள்ளிப்போனது. தம்பியை இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அங்கேயும் இதய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவையா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.